கேட்டம்மாவின் விண்ணப்பம்

அன்புள்ள மகளுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது, இனி வருவதெல்லாம் திட்டுதான், அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் வைத்துவிடுகிறாய். இதை நீ கிழிக்கத்தான் முடியும், நடுவில் குறுக்கே பேச முடியாது.

உன் அம்மா போய் ஆறு வாரம் ஆகிறது. அடக்கத்துக்கு வர விமானம் கிடைக்கவில்லை என்றாய், சரி, விட்டுவிட்டேன். இப்போது ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாய். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஸ்டேஷன் ஹாலில் ரயில்வேக்காரர்கள் அவளுக்காக வைத்திருக்கும் நினைவுக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று அதைப் படிக்க வேண்டுமாம். படித்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் படித்தேன். ‘எறும்புக்கும் தீங்கு நினைக்காத மென்மையான மனம், இயற்கையை நேசித்தவர்’ என்று எழுதியிருக்கிறாய். யாரம்மா அது? மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்து நுழைந்த பால்காரனைக் கொடிக்கம்பால் முதுகிலேயே சாத்தியவள் உன் அம்மா. லைன் ஓரப் புல்லுக்குத் தீ வைத்தார் என்று தண்டவாள வேலைக்காரர்களின் மேஸ்திரியை, உள்ளே முயல்குட்டி இருந்தது தெரியாதா என்று, அவர் பெண்டாட்டி எதிரிலேயே வைத்துக் கிழித்தவள். அந்த மனிதர் அதற்கப்புறம் எங்கள் கேட்டைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் போவார். ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆன பிறகும் காலையில் எழுந்து கேட்டுக்கு நடந்து போய், அங்கே இருக்கும் புது ஆளிடம் அணிலுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று மிரட்டிவிட்டு வந்தவளுக்கு மென்மையான மனமாம். அவள் இயற்கையை நேசித்தது உண்மைதான், மனுஷர்களை மட்டும் வரிசையில் கடைசியில் நிறுத்தினாள். அதில் நான் கடைசிக்கும் கடைசி, நீ எனக்கு ஒரு படி முன்னால்.

அதெல்லாம் போகட்டும். அடுத்த வரிக்கு வா. ‘அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஆளரவமில்லாத கேட்டில் முப்பத்தோரு வருஷம் தனிமையில் கிடந்தார், பெற்ற மகளையும் ஹாஸ்டலில் விட்டுப் பிரிந்திருந்தார்.’ இதை நானே, என் வாயாலேயே, நூறு பேர் எதிரில் படிக்க வேண்டும். நல்ல நியாயம் உன்னுடையது. மழை வருகிறது, குடையை எடுத்துக்கொண்டு போ என்று நான் சொன்ன ஒரே காரணத்துக்காகக் குடையை வைத்துவிட்டு நனைந்துகொண்டு போனவள் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டாளாம். நீ என்மேல் வைத்திருக்கும் வன்மம் எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வயதில் ஹாஸ்டல் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ அழுதபோது உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தது நான்தான், அதை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அன்றைக்கு உன்னிடம் என்ன சொன்னேன்? “அம்மாவுக்கு டவுனுக்கு மாத்தல் கேக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன், என் தையல் கடையை விட்டுட்டு என்னால வர முடியாது” என்றேன். பொய். முழுப் பொய். இருபத்தெட்டு வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கும் பொய்.

மாற்றல் வந்தது, நீ லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த சமயம். டவுன் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் வேலை, இரண்டு அறை குவார்ட்டர்ஸ், வாசலைத் தாண்டினால் உன் பள்ளிக்கூடம். நான் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, துணிகளைக் கட்டி, வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டும் வந்துவிட்டேன். ஒரு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிப் போட்ட விண்ணப்பம் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அவள் கையெழுத்து உனக்குத் தெரியும். ‘கேட்டிலிருந்து நாற்பதடி தள்ளி, தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியில் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருக்கிறது. பொரிக்க இன்னும் பதினெட்டு நாள் ஆகும். ஜல்லி இடிக்கும் ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள், நான் இல்லாவிட்டால் மிதித்துவிடுவார்கள். ஆகவே பதினெட்டு நாள் அவகாசம் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.’ ரயில்வேயில் இதுவரை யாராவது இப்படி ஒரு விண்ணப்பம் எழுதியிருப்பார்களா? மேலதிகாரி சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். குஞ்சு நான்கும் பொரித்தன. நீ ஹாஸ்டலுக்குப் போனாய்.

நான் அன்றைக்குப் போட்ட சத்தம் கேட்டு லாரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். எல்லாம் கத்தி முடித்த பிறகு அவள் சொன்னது இதுதான். “தப்புதான். அவங்க ஒரு பதினெட்டு நாள் பொறுத்துக்குவாங்கன்னு நினைச்சேன். ஆனா பாப்பாகிட்ட சொல்லாதீங்க. அவ என்னை வெறுத்தா நான் தாங்க மாட்டேன். உங்களை வெறுத்தா நீங்க தாங்கிக்குவீங்க” என்றாள். எவ்வளவு திமிர் பார். நானும் தாங்கினேன். நீ லீவுக்கு வந்து அவள் மடியில் படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நகர்த்தியபோதும் தாங்கினேன், உன் கல்யாணத்தில் என்னை விருந்தாளி மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தபோதும் தாங்கினேன். அவள் இருந்தவரைக்கும் தாங்கினேன். இப்போது அவள் இல்லை, எனக்கு எழுபத்தொன்று, இனிமேல் முடியாது. செத்துப்போனவள் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், யாரிடம் மறைக்க வேண்டும்?

போன வாரம் புது கேட் கீப்பர் போன் செய்தான். “ஐயா, அதே இடத்துல மறுபடியும் முட்டை, கேட்டம்மா இருந்தா என்ன செய்வாங்க?” என்று கேட்டான். எனக்கென்ன தெரியும் என்று வைத்துவிட்டேன். பிறகு சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போய், அவள் செய்த மாதிரியே, யாரும் மிதித்துவிடாதபடி, சுற்றிலும் கல்லுக்கு வெள்ளை அடித்துவிட்டு வந்தேன். அந்தச் சனியன் கத்திக்கொண்டு என் தலையிலேயே கொத்த வந்தது. நன்றி கெட்ட ஜென்மம்.

உன் பக்கத்தை நான் படிக்க மாட்டேன். கூட்டத்தில் அவள் விண்ணப்பத்தைத்தான் படிக்கப்போகிறேன், சிவப்புக் கோடு உட்பட. உன்னை விட அவள்தான் அவளைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறாள்.

பேத்தியின் பல் கம்பியை நினைவாகக் கழற்றிக் கழுவச் சொல். மாப்பிள்ளையிடம் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், என் கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. இதைப் படித்த பிறகு அவளை வெறுக்க வேண்டும் என்று தோன்றினால் வெறுத்துக்கொள், ஆனால் அங்கே தனியாக இருந்துகொண்டு வெறுக்காதே. இங்கே வா. நானும் அதைத்தான் ஆறு வாரமாகத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன், முடியவில்லை.

முட்டை பொரிக்க இன்னும் இருபது நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் விரலைப் பிரித்த அப்பா