நோல்ஃபாவின் வீடு கடலில் வந்த நாள்

பிப்ரவரி 3
காலையிலிருந்து மழை. மனைவி எர்மிந்தாவின் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். ஆள் கூப்பிடலாம்தான். ஆனால் அவள் செத்த பிறகு நான் யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லையே, எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

பிப்ரவரி 6
எதிர்க்கரை நோல்ஃபா வந்தாள். மிங்காவுக்கு, அதாவது ஊர்கூடிச் செய்யும் வேலைக்கு, அழைப்பவர்கள் உள்ளே வரமாட்டார்கள். வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, கடல் என் வீட்டுப் படி வரைக்கும் வந்திருச்சு. மரவீடுதானே, மிதக்க விட்டு இந்தக் கரைக்கு இழுத்துட்டு வரணும். உங்க படகு வேணும். நீங்களும் வேணும்."

இந்தத் தீவில் அப்படிக் கேட்டால் மறுக்கக் கூடாது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. எரிச்சலோடுதான் சரி என்றேன். அவள் போனதும் முகம் மழித்துக்கொண்டேன். எதற்காம்?

பிப்ரவரி 7
படகில் இரண்டு ஓட்டை. அடைத்தாயிற்று.

பிப்ரவரி 11
விடிகாலை. கதவு ஜன்னல்களைக் கழற்றி, சுற்றிலும் பீப்பாய்களைக் கட்டி, மாடுகள் இழுத்து வந்த வீட்டைக் கடல் ஏறியதும் தண்ணீரில் விட்டோம். மிதந்தது! மூன்று படகுகள் இழுத்தன, நடுவில் என்னுடையது. பனிக்குள் ஒரு வீடு சத்தமில்லாமல் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓட்டையில் எர்மிந்தா வந்து நிற்பாள் போலிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கயிறு தொய்ந்தது. வீடு மெல்லத் திரும்பி மணல்திட்டில் உட்கார்ந்துகொண்டது. கடலும் இறங்கத் தொடங்கிவிட்டது. இனி சாயங்காலம்தான் ஏறும். ஐயோ, அந்தப் பொம்பளையோட வீட்டைக் கெடுத்துட்டேனே!

மாட்டுக்கார ரெமிஹியோதான் முதலில் சிரித்தான். "விடுங்கண்ணே. ஓடுற வீட்டுல எப்படிச் சாப்பிடுறதாம்?"

நோல்ஃபா ஒரு வார்த்தை திட்டவில்லை. சாய்ந்து கிடந்த வீட்டுக்குள்ளேயே சிப்பியும் உருளைக்கிழங்கும் பரிமாறினாள். என் தட்டு தரையில் வழுக்கிக்கொண்டே போய் ரெமிஹியோவின் மடியில் நின்றது. "தன் பங்கையும் எனக்கே குடுக்குறாரு பாரு!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு.

சாயங்காலம் கடல் ஏறியதும் கரை சேர்த்தோம். இந்தத் தடவை நான் கயிற்றை மட்டுமே பார்த்தேன்.

பிப்ரவரி 12
உடம்பெல்லாம் வலி. அப்படி ஒரு சந்தோஷம். நோல்ஃபா நன்றி சொல்கிறாள் – நான்தானே சொல்ல வேண்டும்? நான் வேண்டும் என்று ஒருத்தி வாசலில் வந்து நின்றாளே.

பிப்ரவரி 19
மழை. வாளி நிரம்பி வழிந்தது.

பிப்ரவரி 20
நோல்ஃபாவின் வீட்டுக்குப் போய், உள்ளே நுழையாமல் வாசலில் நின்றேன். "கூரை ஒழுகுது. நீ வரணும்" என்றேன்.

"இப்பவாவது வாயைத் திறந்தீங்களே அண்ணே!"

படியிறங்கித் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் ஏணியை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள்.

அப்படியே ரெமிஹியோ வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசையாகத் தட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வருகிறார்கள். வீட்டிலிருக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு போதாது.