ஏற்றத்தில் நிற்கும் வண்டி

செவ்வாய், இரவு.

பழைய டீசல் பிக்கப்பை வாங்கிவிட்டேன். தோட்டத்தில் விளையும் முட்டைக்கோவா மூட்டைகளைச் சந்தைக்கு அனுப்ப இனி மச்சானின் லொறிக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. போன போகத்தில் அவனுக்காகக் காத்திருந்தே பாதி அழுகியது.

ஸ்பிரிங்வெளியில் விற்றவர் வண்டியை இறக்கத்தில் நிறுத்தியிருந்தார். பேட்டரி செத்த வண்டியை உருட்டிக் கிளப்பும் தந்திரம் எனக்குத் தெரியாதா?

"ஏத்தம் பாத்து திருப்பி நிறுத்துங்க. எஞ்சின் ஆறட்டும்," என்றேன்.

"பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நேரம் உக்காந்திருக்க மாட்டீங்க!" என்றார் விற்றவர்.

வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எறக்கத்துலயே நிறுத்துங்க. காலைல கெளம்பாட்டி எங்க அண்ணன் சிரிப்பாரு," என்றாள்.

ஏற்றத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன், மச்சான் வீட்டு ஜன்னலுக்கு நேராக. விடியற்காலைக் குளிரிலும் கிளம்பும். அவன் தூக்கம் கலையும்படி சத்தமாகவே கிளம்பட்டும்.