லிங்கப்பா சொல்லாத பெயர்

12 நவம்பர் 1994
தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் கன்னடத்தில் சிரிக்க வைப்பது என் வேலை. மைசூரில் என்னைவிட்டால் ஹாஸ்யத்துக்கு ஆளில்லை (சொன்னது நான்தான்). இன்று விஜயநகரில் வேட்பாளர் லிங்கப்பா வரத் தாமதம். சரக்கு தீர்ந்து, என் தொந்தியை வைத்தே ஒப்பேற்றினேன்.

பிறகு அவர் பேசினார். "நம்ம தண்ணி, நம்ம வேலை, நம்ம வீடு... யார் கொண்டுபோறாங்க?" கேட்டுவிட்டு நிறுத்தினார். "தமிழரு!" என்று கூட்டம் கத்தியது. அவர் கைகூப்பினார். கடைசிவரை அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. என்ன தொழில் சுத்தம்!

13 நவம்பர்
எங்கள் மாடி கட்டும் மேஸ்திரி காளியப்பன் இன்று கரண்டியைத் தொடவில்லை.

"எலெக்‌ஷனுக்குள்ள குடிசையக் காலி பண்ணோணுமாமுங்க சாமி, கட்சி ஆளுங்க மெரட்டறாங்க. தொண்ணூத்தொண்ணுல காவேரிக் கலவரத்துல எரிச்சாங்களே... பொண்டு புள்ளைகள எங்கீங்க கொண்டுபோறது?"

அவர் ஊர் கோபிநத்தம். மைசூர் ஜில்லாதான்! லிங்கப்பாவோ ஹாசன் ஜில்லாவிலிருந்து வந்தவர்.

16 நவம்பர்
இதையே மேடையில் சொன்னேன். "ஜில்லாக்காரன் வெளியாள், ஹாசன்காரர் உள்ளாள்!" சிரிப்பு. எல்லாரையும்விட லிங்கப்பாதான் அதிகம் சிரித்தார். என் தோளில் கைபோட்டு, "இவரு மேலுகோட்டை ஐயங்காரு, நம்மவரு. நான் சொல்றது இவர மாதிரி ஆளுங்கள இல்ல" என்றார். மாலை வேறு போட்டார். வாங்கிக்கொண்டேன், மடையன்.

என் மனைவி ரங்கு கதவைத் திறந்ததும் கேட்டாள்: "உங்களுக்கு மால போட்டா. குடிசைல இருக்கறவாளுக்கு என்ன போடப் போறா?"

மாலையை வாசலிலேயே கழற்றினேன்.

20 நவம்பர்
ஜோக்கே வேண்டாமென்று போனேன். "எங்கள் வீட்டிலும் தமிழ்தான். விரட்டுவதானால் என்னிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றேன்.

சிரித்தார்கள்.

"இது ஹாஸ்யமில்லை" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. கைகூப்பிக் கெஞ்சினேன். அதற்கும் கைதட்டினார்கள். ஐயோ, இருபது வருஷம் இதற்கா வாயை வளர்த்தேன்? அழுதாலும் நம்ப மாட்டார்களா?

22 நவம்பர்
காளியப்பன் வரவில்லை.

9 டிசம்பர்
லிங்கப்பா தோற்றுவிட்டார். துள்ளிக் குதிக்கலாமென்று குடிசைப் பக்கம் போனேன். யாரும் எரிக்கவில்லை. எரிக்க வேண்டியிருக்கவில்லை, பாதிக் குடிசைகளில் ஆளில்லை.

12 டிசம்பர்
காளியப்பன் வந்தார். தனியாகத்தான். குடும்பம் ஊருக்குப் போய்விட்டதாம்.

"மரளு சாலது, ஸ்வாமி" என்றார். மணல் போதாதாம். என்னிடம், என் வீட்டு முற்றத்தில், கன்னடத்தில்.

"நம்ம பாஷையிலயே சொல்லுங்க, காளியப்பா."

தெருப்பக்கம் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதற்கப்புறமும் கன்னடம்தான்.