செவ்வாய்க்கிழமைக் கட்டம்

அக்கா,

முதலில் பிள்ளைகள் சேதி. இல்லாவிட்டால், "ஊர்க்கதை கெடக்கட்டும், புள்ளைங்க எப்பிடி இருக்கு?" என்றுதான் நீ கேட்பாய். டிராம்பே பக்கம் ஏசி மெக்கானிக்காகச் சேர்ந்த பெரிய பேரன் முருகேஷ் இப்போது சூப்பர்வைசர். பேர் போட்ட அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிட உட்காருகிறான். நானும் கழற்றச் சொல்வதில்லை. பேத்தி நிவேதா மாஸ் மீடியா படிப்பை முதல் வகுப்பில் முடித்துவிட்டாள், செம்பூரில் ஒரு ஆபீசில் வேலை. சின்னவன் கராத்தேயில் பிரவுன் பெல்ட் வாங்கியிருக்கிறான். அதில் வீட்டு நாற்காலி ஒன்று உடைந்தது. போனால் போகிறது, பெல்ட் பெல்ட்தானே. அஞ்சாங்கிளாசோடு நின்றவள் வீட்டில் இவ்வளவும் நடக்கிறது என்று சொன்னால், "கண்ணு பட்டுரும், வாயை மூடுளா" என்பாய். மூடிக்கொண்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் டீ கொதிக்கும்போது போன் 'டிங்' என்றது. "இன்று ஆஸ்பத்திரி கேட்டில் நிற்பவர்" என்று போட்டு, பக்கத்தில் என் பேர். நீ போன பிறகும் நான்கு செவ்வாய்க்கு அது உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக என் பேரைச் சொல்கிறது. அது எப்படி மாறியது என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

நம் சங்கம் மாவு மில்லில் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. கேஸ் பேப்பர் என்கிற சீட்டு எடுக்கும் வரிசை எது, டாக்டர் எந்த மாடி, ஒன்றும் புரியாமல் நின்று அழுதுவிட்டுத் திரும்புவார்கள். கூடப் போக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை. பதினொரு பெண்கள். யார் என்றைக்குப் போவது என்று மில் சுவரில் தொங்கும் காலண்டரில் நீ கரியால் எழுதுவாய். மாவுத்தூசி படிந்து பாதிப் பேர் மறைந்துவிடும். ஒரு நாள் மூன்று பேர் போய் நிற்போம், மறுநாள் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் ஆளே கிடைக்காது. செவ்வாயோ வெறுவாயோ என்று எங்கள் பெண்கள் பின்வாங்குவார்கள். நானும்தான். நீதான் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு எல்லா நாளும் அல்லா குடுத்த நாளுதான். வெள்ளிக்கெழம தொழுவணும், அந்த நாள நீ பாத்துக்கோ. செவ்வாய் எனக்கு" என்றாய். அன்றைக்கு எழுதியது ஒன்பது வருடம் மாறவில்லை.

அப்புறம்தான் நிவேதா ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு வந்து நம் எல்லார் போனிலும் ஒரே தாளைத் திறந்து வைத்தாள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். நீ உன் போனில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது என் போனில் வந்து விழுந்தது. நான் உன் போனை எட்டிப் பார்த்தேன், நீ என் போனைப் பார்த்தாய். இரண்டு கிழவிகளும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றித் தட்டிச் சிரித்தோம்.

"இந்தத் தாளு எங்க இருக்கு? உன் போன்லயா, என் போன்லயா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டுலயும் இல்ல ஆச்சி. எங்கயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கு."

"எங்கயோன்னா?"

"எனக்கும் தெரியாது ஆச்சி!"

இன்று வரை எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. உனக்கு வேறு சந்தேகம். "எதுக்குட்டி இனாமாக் குடுக்கான்? எதையோ எடுக்காம ஒருத்தன் குடுப்பானா?" என்று கேட்டாய். நாம் எழுதுவதைக் கம்பெனிக்காரர்கள் பார்க்கக்கூடும் என்று நிவேதா இழுத்தாள். நீதான் சொன்னாய்: "அப்போ சீக்க எழுதாத, நேரத்த எழுது." அதுதான் சங்கத்துச் சட்டம் ஆயிற்று. வருகிறவளுக்குச் சர்க்கரையா, கர்ப்பப்பையா, எதுவும் தாளில் ஏறாது. எத்தனை மணி, எந்த கேட், அவ்வளவுதான். படித்த பிள்ளைக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது.

போஸ்டர் செய்த கதையும் அப்படித்தான். அதற்கும் போனில் இனாமாக ஒன்று இருந்தது. படம், எழுத்து எல்லாம் அதுவே தரும். நிவேதா முதலில் காட்டியதில் வெள்ளைக்காரி ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"இவள நம்பி எவ வருவா? பல்லு டாக்டருக்கு வெளம்பரம் மாதிரி இருக்கு" என்றாய் நீ.

அதனால் உன் படத்தையே எடுத்தோம். தலையில் முக்காடு, கையில் அந்தப் பச்சைக் குடை. "கேட்ல ஆயிரம் பேரு நிப்பாங்க, குடைய விரிச்சிப் புடிச்சா தேடி வந்துருவாங்க" என்றாய். நிவேதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவள் அடித்ததை நான் திருத்தினேன். அஞ்சாங்கிளாஸ் படிப்பு முதல்முறை சம்பளமில்லா உத்தியோகம் பார்த்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காக உன் குரலிலும் பேசி நெட்டில் போட்டோம். கல்யாண், கோபர்கைரனே என்று தூரத்து ஊர் வரைக்கும் ஆட்கள் பார்த்ததாகப் போன் காட்டியபோது நிவேதா குதித்தாள். நீ, "பாத்தவங்க கெடக்கட்டும், வந்தவங்க எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டாய்.

நீ போன பிறகு நம் பக்கத்துப் பெண்கள் யாரும் செவ்வாய்க்கிழமை துணை கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியுமே. கோபர்கைரனேக்காரி ஒருத்திக்குத் தெரியாது. போஸ்டரைப் பார்த்து, செவ்வாய்க்குத் துணை வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். கட்டத்தில் உன் பேர் இருந்ததால், "துணை உண்டு" என்று அந்தத் தாள் தானாகவே பதில் அனுப்பிவிட்டது. அவள் ஒன்பது மணிக்கு வந்து, உன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, வருகிற போகிற ஒவ்வொரு முகத்தோடும் ஒத்துப் பார்த்துக்கொண்டு ஒரு மணி வரை நின்றிருக்கிறாள். டாக்டர் எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம் அவள் பேசி அனுப்பிய குரல் போனில் வந்தது. கோபமே இல்லை. "அக்காவுக்கு மேலுக்கு முடியலையோ என்னவோ. பரவாயில்ல, நான் அடுத்த செவ்வாய் வாரேன். அவங்கள வரச் சொல்லுங்க."

மறுநாள் எல்லாரும் மில்லில் கூடினோம். உன் பேரை அழித்தால்தான் கட்டம் காலியாகும். காலியானால்தான் வேறு ஆள் போட முடியும். எல்லார் கையிலும் போன் இருந்தது. எல்லார் கட்டைவிரலும் சும்மா இருந்தது.

"பொன்னி, நீ அழி."

"ஏன், நாந்தான் கெடச்சனா? ஒங்க வெரலுக்கு என்ன, சுளுக்கா?"

"செத்தவ பேர அழிச்ச பாவம் எனக்கு வேண்டாம்பா."

நிவேதாதான், "அழிச்சாலும் போகாது ஆச்சி. இதுல முந்தி இருந்தது எல்லாம் இருக்கும். பாக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ஆசை வந்தது. அழித்தது எங்கே போய் இருக்கும்? காட்டு என்றேன். அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பின்னால் போகப் போக, என்றைக்கு யார் என்ன எழுதினார்கள் என்று வந்தது. நான் அப்போதே போனைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ உன் பேரை எடுத்துவிட்டு என் பேரை எழுதியிருந்தாய். அதற்கு அடுத்ததாக, என் பேர் போய் உன் பேர் திரும்ப வந்திருந்தது.

"யாரு மாத்துனது?" என்றாள் பொன்னி.

நிவேதா என்னைப் பார்த்தாள். "ஆச்சி, இது நீங்க."

ஆமாம் அக்கா, நான்தான். அன்று காலை கட்டத்தில் என் பேரைப் பார்த்தேன். படுத்திருக்கிறவள் தன் பேரைத் தானே அழிக்கலாமா? வாயால் சொன்னாலே பலிக்கும் என்பார்கள், எழுதினால்? நீ எழுந்து வந்துவிடுவாய் என்று உன் பேரைத் திரும்ப எழுதினேன். சாயங்காலம் உன்னைப் பார்க்க வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. பார்த்திருப்பாய், உனக்குத் தெரியாமல் இருக்குமா? செவ்வாய் என்று பயந்தேனோ, நீ இல்லாமல் என்று பயந்தேனோ, இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நீ ஒருத்தியை நம்பி ஒப்படைத்தாய், நான் ஒருத்தியை வெயிலில் நிற்க வைத்தேன்.

மில்லில் யாரும் என்னைத் திட்டவில்லை. பொன்னி மட்டும், "நாங்களும் நாலு வாரமா பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்" என்றாள். நான் உன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன். என் பேரை எழுதினேன். எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் மாறியது.

உன் மருமகளிடம் குடையைக் கேட்டு வாங்கினேன். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. அடுத்த செவ்வாய் எட்டரைக்கே போய் விரித்துக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள், சின்னப் பெண், வயிற்றில் பிள்ளை. போனில் உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள்.

"அந்த அக்கா வரலியா?"

"அவுங்க காலமாயிட்டாங்கம்மா. இந்த நாள எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் போன வாரமே வந்துருக்கணும். தப்பு எம்மேலதான்."

அவள் தன் பையை என் தோளில் மாட்டிவிட்டுக் குடைக்குள் வந்தாள். வரிசை எது என்று காட்டினேன். டாக்டர் கேட்டதை அவளுக்குச் சொன்னேன், அவள் சொன்னதை டாக்டருக்குச் சொன்னேன். பிள்ளை நன்றாக இருக்கிறதாம். இதற்கு மேல் எழுத மாட்டேன், உன் சட்டம் இருக்கிறது.

இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இன்று வந்தவளும் உன் முகத்தைத்தான் கூட்டத்தில் தேடினாள். குடை மட்டும் போதவில்லை அக்கா. அந்தப் போஸ்டரில் நீ சிரித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் யாராவது ஒருத்தி உன்னைத் தேடிக்கொண்டு நிற்பாள். உன் படம் என் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது, முருகேஷ் ஆணி அடித்தான். போஸ்டரிலிருந்து இறக்கிவிடலாம்.

நிவேதாவுக்கு இப்போதே எழுதிவிட்டேன்: சாயங்காலம் வந்து என்னைக் குடையோடு ஒரு படம் எடு. வளைந்த கம்பி தெரிந்தால் தெரியட்டும். அடுத்த செவ்வாய்க்கு முன்னால் போஸ்டரில் புதுப்படத்தைப் போடு.