மேல் பல்லும் உன் கண்ணும்

என் உயிரான அண்ணாவுக்கு,

இன்றைக்கும் செங்கம் வண்டி திரும்பும்போது டிரைவர் ஸீட்டைப் பார்த்தேன். மீசையில்லாத யாரோ ஒருவர். நீ போய் எட்டு வருஷமாகியும் என் கழுத்துக்குப் புத்தி வரவில்லை, தானாகத் திரும்புகிறது.

பௌர்ணமிக்கு இப்போது வருகிற கூட்டத்தைப் பார்த்தால் நீ ஹாரனிலிருந்து கையையே எடுக்க மாட்டாய். நம் அடி அண்ணாமலையில் வாசலுக்கு வாசல் கடை. உன் மகள் மலர் பன்னிரண்டாவது படிக்கிறாள். உன் மூக்கு, உன் பிடிவாதம்.

அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன மாதம் அவளுக்குக் கன்னம் வீங்கிவிட்டது. மேல் கடைவாய்ப் பல். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றதும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் செல்வி. மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும். வயசுப் பொண்ணு."

"யார் சொன்னது அண்ணி?"

"நீதான சொன்ன! 'என் தங்கச்சி படிச்சவ, அவளே சொல்லிட்டா'னு உங்க அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

ஆமாம் அண்ணா.

நான் சொன்னதுதான். நீ கிராம்பைப் பல்லில் அடக்கிக்கொண்டு, சோற்றை ஒரு பக்கமாக மென்றபடி, "புடுங்கிடலாமா?" என்று கேட்டாய். டீச்சர் வேலை கிடைத்த மிதப்பில், எங்கோ காதில் விழுந்ததை நானே படித்தது போலச் சொன்னேன். "மேல் பல்லுண்ணா. கண் நரம்பு அங்கதான் போவுது." நீயோ டிரைவர். கண் போனால் ஸ்டியரிங்கும் போச்சு. அதற்கப்புறம் கிராம்பு ஜாஸ்தியானது, சோறு கம்மியானது.

பிறகு அந்த ஜுரம். வரும், போகும், மறுபடி வரும். மலேரியா என்றார்கள், டைபாய்டு என்றார்கள். வேலூரில்தான் ஒரு டாக்டரம்மா உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வாயைத் திறங்க" என்றார். சின்ன வயதில் உனக்கு மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்ததே, அதிலேயே இதய வால்வு பழுதாகியிருந்ததாம். நமக்கு யாருக்குத் தெரியும்?

என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "பல்லுல இருந்த கிருமி ரத்தத்துல கலந்து, அந்த வால்வுல போய் ஒட்டிக்கிச்சும்மா. முன்னாடியே பல்லைக் காட்டியிருந்தா..." அதோடு நிறுத்திவிட்டார். வெளியே தூங்கும் மலரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணியிடம், "இதயக் கோளாறாம்" என்று மட்டும் சொன்னேன். பல்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நம் வீட்டில் என் சொல்லால் பல் நின்றது, நீ போய்விட்டாய். வாய்க்கும் நெஞ்சுக்கும் ஒரு முழம்கூட இல்லையே அண்ணா, அது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

போன மாதம் அண்ணி என் கையைப் பிடித்தபோதுதான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் கொடியில் கிடந்த மலரின் துப்பட்டாவை எடுத்து என் கையில் கொடுத்து, "கூட்டிட்டுப் போ" என்றார்.

பல் டாக்டரிடம் உன் கதையைச் சொன்னேன். என் பயத்துக்காக மலரின் நெஞ்சையும் பார்க்க வைத்தேன், பழுதில்லை. பல்லைக் காப்பாற்ற முடியாது என்று எடுத்துவிட்டார்கள். "கண்ணுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது நிறுத்தத்தில் நின்றோம். தூரத்தில் ஒரு வண்டி வந்தது. முப்பத்திரண்டு பல்லும் இருக்கிற எனக்குப் போர்டு தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு மலர்தான் சொன்னாள்.

"செங்கம் வண்டி அத்தை. அப்பா வண்டி."

நடுரோட்டில் அழுதுவிட்டேன். நீ கேட்ட அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த ஸீட்டிலிருந்து நீயே எங்களைப் பார்த்து ஹாரன் அடித்திருப்பாயா?

உன் மகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் கூட்டிப்போவேன். இனி வகுப்பிலானாலும் வீட்டிலானாலும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். இது சத்தியம் அண்ணா.

நீ நம்பிய தங்கச்சி,
செல்வி