வெந்நீரில் எழுந்த கை

செத்துப்போன சிநேகிதியின் பொம்மையை அவித்து நான் செய்வினை வைக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். ஒரே வாக்கியத்தில் மூன்று தவறு. அது பொம்மை அல்ல, விளையாட்டுக்குரிய உருவம். அதை நான் அவிக்கவும் இல்லை. கொதிக்கிற நீரில் போட்டால் அந்தப் பிளாஸ்டிக் குழைந்து கெட்டுவிடும். விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு போதும். செய்வினை வைக்க எனக்கு யாரோடும் ரகசியப் பகை கிடையாது. பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும்.

இந்தப் பேச்சைக் கிளப்பியவள் பாத்திரம் துலக்க வரும் ராக்கு. சமையலறைக்குள் வந்தவள் அடுப்படியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, மனுசரப் போட்டு அவிக்கிறீக?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு நீருக்குள் குனிந்து பார்த்து, "பள்ளத்தூரு ஆச்சில்ல இது?" என்றாள். உன்னைத்தான் சொன்னாள். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை.

சூடேறிய புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை இன்னும் அடுப்படியில் இருக்கிறது. கான்வென்டில் படித்தபோது மழைக்காலத்துக்கு வாங்கும் புது மழைக்கோட்டின் வாசனை. நீ உன் கோட்டை முகத்தில் போர்த்திக்கொண்டு வகுப்பில் தூங்குவாய்.

உனக்கு முழங்கால் அறுவை முடிந்து, வீட்டிலேயே கிடந்து சலித்துப்போன நாட்களில் உன் மகள் சிங்கப்பூரிலிருந்து முதல் விளையாட்டுப் பெட்டியை அனுப்பினாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் தம் பாத்திரத்தின் சிறு உருவத்தை நகர்த்தி, அது என்ன செய்கிறது என்று சொல்வார். அது நடக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நடக்க முடிந்ததும் வெள்ளிக்கிழமை தோறும் பஸ்ஸில் காரைக்குடிக்கு வர ஆரம்பித்தாய். கதை நடத்துபவள் நீ; நான் ஈட்டிக்காரி. இரண்டே பேர் விளையாடலாமா என்று கேட்டேன். "நம்ம ரெண்டு பேரு சேந்து ஒரு வகுப்பையே கலைச்சவுகதான" என்றாய்.

விதிப் புத்தகத்தில் இருந்த பனிமலையையும் கோட்டையையும் முதல் வாரமே ஒதுக்கித் தள்ளினாய். சாக்கோட்டைப் பக்கம் வற்றிக் கிடக்கும் ஓர் ஊருணி; அதன் அடியில் இறங்கும் படிகள்; படிகளுக்குக் கீழே ஓர் ஊர். அதுதான் நம் கதை. படி இறங்க இறங்க மேலே இருந்து கேட்கும் ஆட்டுமணிச் சத்தம் குறைந்துகொண்டே போகும் என்று நீ சொன்னபோது, பட்டப்பகலில் என் முழங்கை ரோமம் சிலிர்த்தது.

என் கணவரின் எழுதுமேசையில்தான் எல்லாவற்றையும் பரப்புவோம். சுவரில் அவர் படம் மாலையோடு பார்த்துக்கொண்டிருக்கும். எங்களைப் போல ஒரு தம்பதி உண்டா என்று ஊர் சொன்னது. அவர் இருந்தவரை இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை என்பது உனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே நீ எழுந்து போய் அந்தப் படத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். "ஆட்டம் பாக்க டிக்கெட் எடுக்கலயே அவுக" என்றாய். துண்டை எடு என்று நான் சொல்லவில்லை.

நமக்குள் சண்டை வந்ததெல்லாம் உருவங்களின் தரத்தைப் பற்றித்தான். கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் கண் இமை வரை கூர்மையாக வரும் என்பது என் கட்சி. மெத்தென்ற பிளாஸ்டிக்தான் கீழே விழுந்தாலும் உடையாது என்பது உன் கட்சி. அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் குதிரைக்கு மூக்கு எது, கண் எது என்று தெரியாது. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் தலை முதல் கால் வரை ஒரு கோடு ஓடும். லென்ஸை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாகக் குறை சொல்வேன். "பொண்ணு பாக்க வந்த மாமியா கெட்டா" என்பாய்.

என் ஈட்டிக்காரியின் ஈட்டி பெட்டியிலேயே வளைந்து வந்தது. அதற்குத்தான் வெந்நீர் வைத்தியம் சொல்லிக் கொடுத்தாய். சூடான நீரில் முக்கினால் அந்தப் பிளாஸ்டிக் தன்னை அச்சில் எப்படி வார்த்தார்களோ அந்த நிலைக்குத் தானாகவே திரும்பும். உடனே குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நிற்கும். "மனுசருக்குத்தான் மறந்து போகும். இதுக்கு மறக்காது" என்றாய்.

இரண்டாவது விளையாட்டை நீயே இணையத்தில் தேடிப் பிடித்தாய். செய்ய நினைப்பவர்கள் திட்டத்தை முன்வைத்து, விரும்புகிறவர்களிடம் முன்பணம் திரட்டி, அதன்பிறகுதான் செய்து அனுப்புவார்கள். எப்போது வரும் என்பது அவர்களுக்கே தெரியாது. கண்ணால் பார்க்காத பொருளுக்கு யாராவது பணம் கட்டுவார்களா என்றேன். "நீ மட்டும் பாத்துட்டா கழுத்த நீட்டுன?" என்றாய்.

கூடுதலாகக் கட்டியவர்களின் முகத்தை ஓர் உருவத்தில் வடித்துத் தருவார்களாம். தோடு மின்ன எடுத்த படம் ஒன்றை அனுப்பினாய். சில மாதங்களில் மாதிரிப் படம் உன் போனுக்கு வந்தது. வலக்கையில் ஓர் அரிக்கன் விளக்கு. இடக்கை புடவையை ஒட்டி நேராகத் தொங்கியது. ரேஷன் கடை வரிசையில் நிற்பவள் போல இருக்கிறாய் என்றேன். நீ சிரித்தாய்.

கடைசி வெள்ளியன்று ஈட்டிக்காரி ஊருணிக்கு அடியில் ஒரு கதவின் முன் நின்றாள். நான் பகடையை உருட்டினேன். அதை எனக்குக் காட்டாமல் உன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாய்.

"கதவு தெறந்துருச்சு. உள்ள ஆள் இருக்காக."

யார் என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரிஞ்சவுகதான். அடுத்த வெள்ளிக்குச் சொல்றேன்."

இப்போதே சொல் என்றேன். நீ உருவங்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "சொன்னா நீ வர மாட்ட."

வியாழக்கிழமை உறக்கத்திலேயே போய்விட்டாய். உன்னைக் குளிப்பாட்டும்போது தோடுகளைக் கழற்றியவள் நான். திருகு இறுகியிருந்தது. வேறு யாரையும் உன் காதைத் தொட விடவில்லை.

அந்த இரண்டாவது விளையாட்டின் பெட்டி இந்தச் சித்திரையில் வந்தது. பள்ளத்தூருக்குக் கூரியர்காரர் ஒழுங்காக வரமாட்டார் என்று நீ என் முகவரியைக் கொடுத்திருந்தாய். திறந்து பார்த்தேன். நான் எதிர்பார்த்த குறைகள் எல்லாம் இருந்தன. மழுங்கிய முகங்கள், கோணல் வாள்கள், உடலெங்கும் அச்சுக் கோடு. இதற்கா இத்தனை காலம் காத்திருந்தோம் என்று வாய்விட்டே சொன்னேன். பதில் சொல்ல நீ எதிரில் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அடியில் தனிப் பையில் நீ இருந்தாய். கட்டை விரல் உயரம். இடக்கை நசுங்கி மார்போடு ஒட்டியிருந்தது. மற்றபடி லென்ஸுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அச்சுக் கோடு இல்லை. பக்கவாட்டில் இல்லை, கொண்டையில் இல்லை, பாதத்தின் அடியிலும் இல்லை. இரண்டு பாதி அச்சில் வார்த்த எதிலும் கோடு இல்லாமல் இருக்காது. ஒரு பொருளில் சொல்ல எனக்குக் குறையே அகப்படாமல் போனது அன்றுதான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

காதைப் பார்த்தேன். தோடு இல்லை. தோடு இருந்த இடத்தில் இறங்கிய துளை மட்டும் இருந்தது.

கையைச் சரிசெய்ய வேண்டும் என்று நீரைச் சுட வைத்தேன். உச்சிப் பொழுது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கரண்டியில் வைத்து உன்னை நீருக்குள் இறக்கினேன். ஒட்டியிருந்த கை மார்பிலிருந்து மெல்லப் பிரிந்தது. அது கீழே இறங்கிப் புடவையோடு சேர வேண்டும். சேரவில்லை. முன்னால் நீண்டது. உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் உள்ளே மடங்கின. தெருமுனையில் நிற்பவரை நாம் "இங்குட்டு வா" என்று கூப்பிடுவது போல. அந்த நேரத்தில்தான் ராக்கு உள்ளே வந்தாள்.

மறுபடி சூடாக்கி, கையை நானே மடக்கி உடம்போடு சேர்த்துப் பிடித்து, குளிர்ந்த நீரில் போட்டேன். நேராக நின்றது. மேசையில் வைத்தேன். மறுநாள் நண்பகலில் பார்த்தால் கை மறுபடி எழுந்திருந்தது. முகம் ஈட்டிக்காரியின் பக்கம் இருந்தது. தூசி தட்டுகையில் யாரும் திருப்பியிருக்கலாம். ஆனால் ராக்கு அந்த அறைக்குள் போவதை நிறுத்திவிட்டாள்.

உன் மகளுக்குப் போன் செய்தேன். அவளிடம் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. சித்திரை வெயிலுக்கு மேசையே கொதிக்கும். கடைசி நேரத்தில் அச்சை மாற்றியிருப்பார்கள். அவ்வளவு சிறிய காதில் தோட்டை எப்படிக் கொண்டுவர முடியும். பிறகு அவள் குரல் இறங்கியது. "அது அம்மா மொகம், ஆன்ட்டி. மாசக் கடைசில வாரேன். எனக்குக் குடுத்துருங்க." அவள் கேட்பது நியாயம். கொடுத்துவிட்டால், உள்ளே யார் என்று தெரியாமலே அந்தக் கதவு என்றைக்கும் அப்படியே நிற்கும். கொடுக்காவிட்டால் தாயின் முகத்தை மகளிடமிருந்து பிடித்து வைத்தவள் ஆவேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

நீ மூடிய அந்தப் பகடை என் கைப்பையில் இருக்கிறது. வங்கிக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் என்னோடு வருகிறது. மருந்துச் சீட்டைத் தேடும்போது விரலில் இடறுகிறது.

நீ கூப்பிடுகிறாய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரப் பயந்தவளும் அல்ல. வெள்ளிக்கிழமை மதியங்களில் இந்த வீடு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ மட்டும் என்றால் இந்நேரம் உள்ளே வந்திருப்பேன். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது, எனக்குத் தெரிந்த ஆள், சொன்னால் வர மாட்டேன் என்றாய். அப்படி ஓர் ஆள் எனக்கு ஒருவர்தான் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். அவர் இருக்கும் வீட்டில் ஒரு முறை வாழ்ந்து முடித்துவிட்டேன். தெரியாமல் மறுபடி நுழைய மாட்டேன்.

கை காட்டினால் எழுந்து வருகிறவள் நான் அல்ல. அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவரின் பெயரை எழுது. கனவில் வந்து சொல்ல வேண்டாம். பல்லியையும் காகத்தையும் தூது விட வேண்டாம். உன் கையெழுத்து எனக்குத் தெரியும். உன் மகள் வந்து சேர்வதற்குள் எழுத்தில் பதில் போடு.