அவர் சொன்னபடியே

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் கப்பல் சமையலறையில் சூடுபட்டுக்கொள்ளாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கப்பல் ஒன்பதாம் தேதி துறைமுகத்துக்கு வருகிறது, கடிதத்தை உன் கையிலேயே சேர்த்துவிடுவோம் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். கரைக்கு வந்ததும் நானே போன் செய்யப்போகிறேன், அதற்குள் எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, "அவர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்று கேட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம். போடுவதானால் கடைசிவரை படித்துவிட்டுப் போடு, கண்ணு.

முதலில் என் வேலைக் கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றது உனக்குப் புரியாது.

ஐம்பது வயதில் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கப் போனபோது விழுந்து விழுந்து சிரித்தாயே, அங்கே எனக்கு மிகவும் பிடித்த பாடம் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது. ஒருவர் 'எனக்குப் பசிக்கிறது' என்றால், தனக்குப் பசித்ததாக அவர் சொன்னார் என்று எழுத வேண்டும். நான் என்பது அவர் ஆகிவிடும். இன்று அன்று ஆகும். நேற்று முந்தைய நாள் ஆகும். இங்கே அங்கே ஆகும். ஐம்பது வாக்கியம் கொடுத்தால் நாற்பத்தொன்பது சரியாகப் போடுவேன். வகுப்பில் இருந்த இளசுகள் எல்லாம் என் நோட்டைப் பார்த்துத்தான் எழுதின. இருக்காதா பின்னே? மூன்று வருஷமாக உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

அந்த மிதப்பில்தான் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த ஊர் டாக்டர்களுக்கு நம் மொழி தெரியாது, நம் ஆட்களுக்கு ஆங்கிலம் வராது, நடுவில் நான். முதல் நாள், ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டர் வந்தார். இடது விலாவைத் தொட்டு, "நேத்து விழுந்தேன், இங்கதான் வலிக்குது" என்றார். நான் இலக்கணம் பிசகாமல், முந்தைய நாள் அவர் விழுந்ததாகவும் அங்கே வலிப்பதாகவும் சொன்னார் என்றேன். 'அங்கே' என்றபோது என் கை சும்மா இராமல் எதிர்ப்பக்கம் நீண்டுவிட்டது. டாக்டர் போய் நல்லாயிருக்கும் விலாவை அழுத்திக்கொண்டிருக்கிறார். "அக்கா, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன சொல்லிட்டு இருக்கீங்க?" என்றார் பெயின்டர். என் மானம் கப்பலேறியது, உன் கப்பலில் வந்து ஏறியிருந்தால் ஒரு வாய் டீ கொடுத்திருப்பாய்.

அன்று சாயங்காலம் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். வகுப்பில் படித்ததை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்ல வேண்டுமாம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கேட்பவர் மனசு நோகாமல் மெழுகக் கூடாது. மெழுகக் கூடாது என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பிழைப்பே அதுதானே.

அந்த வாரமே ஒரு லாரி டிரைவர் மூச்சுத் திணறலோடு வந்தார். என்னைவிடப் பெரிய உருவம். டாக்டரைப் பார்த்து, "நான் செத்துடுவேனா?" என்று கேட்டார். சாகப்போகிறாரா என்று அவர் கேட்கிறார், என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டு, "ஆம் ஐ கோயிங் டு டை?" என்றேன். அதுவரை நான் ஏதாவது சொன்னால் டாக்டர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. நேராக டிரைவரின் கண்ணைப் பார்த்து, அவர் கையைப் பிடித்து, "அதுக்கு விடமாட்டேன்" என்றார். அந்த அறையில் நான் இல்லவே இல்லை, வாயாடி. இரண்டு பேர்தான் இருந்தார்கள். என் வாயால் கேட்டது என் கேள்வி இல்லை. இன்னொருத்தரின் 'நான்' என் தொண்டை வழியாகப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. இத்தனை வயசுக்கு அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று. மூன்று வருஷமாக உன்னிடம் அப்பா உன்னைக் கேட்டார், விசாரித்தார் என்று சொன்னதெல்லாம் என் கைச்சரக்கு. அவர் ஒன்றுமே சொன்னதில்லை. நீ அவரைக் கேட்டதாக அவரிடம் சொன்னதும் அப்படித்தான். அவர் அலைந்து வாங்கிக்கொடுத்த வேலையை நீ விட்டுவிட்டுக் கப்பலேறிய அன்று, காய்கறி மண்டியில் ஏலம் கூறும் அந்தக் குரலில், தெருவே கேட்க, "எனக்கு மகளே இல்ல!" என்று அவர் கத்தினாரே, அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. நீயும் லேசுப்பட்டவளா? அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். நான்தான் இரண்டு பக்கமும் பொய் சொல்லிக் காலம் தள்ளினேன்.

அப்பாவுக்கு மூன்று மாதமாகத் தொண்டை கட்டியிருந்தது. கத்திக் கத்தி வந்ததுதானே, வெந்நீர் குடித்தால் போகும் என்று நானும் விட்டுவிட்டேன். மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே விட்டுவிட்டேன், அதை நினைத்தால் எனக்கே ஆறவில்லை. இப்போது பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். புற்று. குரல்வளையையே எடுக்க வேண்டும். உயிருக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது என்கிறார்கள், அதனால் பதறாதே. ஆனால் கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் இனி மூச்சு. இந்தக் குரல் இருக்காது. பின்னால் கருவி வைத்துப் பேசப் பழகலாமாம், அது வேறு குரல்.

நேற்று டாக்டர் இதை அவருக்கு விளக்கினார். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. அதனால் என்னுடன் வேலை பார்க்கும் சுருட்டைமுடிக்காரி வந்து உட்கார்ந்தாள். உன் வயசுதான் இருக்கும். நான் சுவரோரம் மனைவியாக மட்டும் உட்கார்ந்திருந்தேன், கைப்பையைப் பிடித்துக்கொண்டு. வரும் ஏழாம் தேதி ஆபரேஷன், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர். அப்பா அந்தக் கரகரத்த குரலில் சொன்னார். நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்:

"டாக்டர், ஏழாம் தேதி வேண்டாம். எனக்கு ஒரு மகள் இருக்கா. ஒன்பதாம் தேதி அவ கப்பல் கரைக்கு வருது. இந்தக் குரல்லதான் அவளை விரட்டினேன். இதே குரல்ல அவகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன். அப்புறம் எடுத்துக்குங்க."

அந்தப் பெண் டாக்டரைப் பார்த்து, "ஐ ஹேவ் எ டாட்டர்" என்று தொடங்கினாள். உன் வயசுப் பெண்ணின் வாயிலிருந்து அப்பாவின் 'நான்' வந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மூன்று வருஷம் நான் எத்தனையோ பொய்யை அழகழகாகக் கட்டிக் கொடுத்தேனே, இந்த ஐந்தாறு வாக்கியத்துக்கு முன்னால் அத்தனையும் ஒன்றுமில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் நாட்காட்டியைப் பார்த்து, பன்னிரண்டாம் தேதி வரை தள்ளலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது என்றார்.

ஒன்பதாம் தேதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எனக்கே அப்போது தெரியாது, பிறகுதான் கம்பெனியில் விசாரித்தேன். வெளியே வந்து எப்படித் தெரியும் என்று கேட்டேன். போனை நீட்டினார். திரை முழுக்கக் கடல், அதில் குட்டியாக ஒரு அம்புக்குறி. கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் ஏதோ ஒன்றாம். மூன்று வருஷமாகத் தினமும் ஏலம் முடிந்ததும் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அதைத்தான் பார்த்திருக்கிறார். போன வருஷம் புயலில் உன் கப்பல் இரண்டு நாள் நகராமல் நின்றதாமே, எனக்கு நீ சொல்லவே இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் மண்டியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். சரக்கு லாரி வரத் தாமதம் என்று என்னிடம் புளுகினார். நான் சொன்ன பொய்யெல்லாம் பொய்யென்று தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். இருந்தாலும் நீ சொன்னா கேக்க நல்லாருந்துச்சு" என்றார். இந்த மனுஷனோடு முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

நேற்று இத்துடன் நிறுத்திவிட்டேன். இப்போது காலை. கம்பெனி அலுவலகத்தில் கொடுக்குமுன் இன்னும் கொஞ்சம்.

அப்பா வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. குரலைச் சேர்த்து வைக்கிறார். எனக்குக் கையால்தான் எல்லாம், உப்பு கேட்பதுகூட ஏலத்தில் விலை ஏற்றுகிற மாதிரி விரலை ஆட்டித்தான். ஆனால் இன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்து, எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்றேன். "வாயாடி" என்கிறார். நிறுத்துகிறார். மறுபடி கொஞ்சம் மெதுவாக, "வாயாடி." ஒரு வாளி நிறைந்து வழியும்வரை அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் நான் நிற்கவில்லை, அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

ஒன்பது, பத்து, பதினொன்று. மூன்று நாளும் என் போன் அவர் சட்டைப்பையில் இருக்கும். நீ கூப்பிட்டால் எடுப்பது நானில்லை, அவர். குரல் தேய்ந்திருக்கும், யாரோ என்று நினைத்து வைத்துவிடாதே. நீ பதில் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. கேட்டுக்கொண்டிரு, போதும். அந்த நேரம் நான் மாடிக்குப் போய்த் துணி உலர்த்துவேன். என்ன பேசினீர்கள் என்று பிறகு இரண்டு பேரிடமும் கேட்க மாட்டேன்.

நீ எந்தக் கடலில் இருந்தாலும் பத்திரமாய்க் கரை சேர வேண்டும். கூப்பிடு, கண்ணு.

இனி நடுவில் நிற்காத,
உன் அம்மா